ஊரை வைத்த பெட்டி

ஒரு ஊரில் இருக்கிற அத்தனை பேரையும், கைக்குழந்தையிலிருந்து கண்மூடினவர் வரைக்கும், டிபன் கேரியர் உயரமே இருக்கிற ஒரு கறுப்புப் பெட்டிக்குள் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த ஊர்க்காரர்கள் எங்கே இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஊரில்தான் இருப்பார்கள் என்று சொல்வீர்கள். சரிதான், ஊரில்தான் இருந்தார்கள். ஊரில் மட்டும்தான் இருந்தார்கள் என்பதுதான் சங்கடம்.

ஆவாரங்குளம் என்று பெயர். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். செண்பகவல்லி அங்கே வாக்கப்பட்டு வந்து நாலு வருஷம் ஆகிறது. மாமனார் மாமியார் இல்லை, புருஷன் சீனிராஜ் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறான், இவள் வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா என்று போட்டுக்கொண்டு ஊருக்கெல்லாம் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். பேனர் என்றால் லேசாக நினைத்துவிடக் கூடாது. அந்த ஊர்க் காதுகுத்து பேனரில் காது குத்துகிற பிள்ளை ஒரு மூலையில்தான் இருக்கும். மீதி இடமெல்லாம் தாய்மாமன், தாய்மாமன் பெண்டாட்டி, பெரியப்பன், சித்தப்பன், அத்தை, அத்தை மகன், போன மாசம் பிறந்த பங்காளி வீட்டுப் பச்சைப்பிள்ளை என்று வட்டம் வட்டமாக முகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், அதற்கும் மேலே செத்துப்போன தாத்தா இரண்டு மேகத்துக்கு நடுவில் நின்று ஆசீர்வாதம் செய்வார். ஒரு முகம் விட்டுப்போனாலும் போச்சு. விட்டவர்களும் விடப்பட்டவர்களும் ஒரு பந்தியில் உட்கார ஏழு வருஷம் ஆகும்.

போன ஐப்பசியில் விழுந்த இடியில் செண்பகவல்லியின் கம்ப்யூட்டர் கருகி, இருபது வீட்டு முகங்கள் ஒரே நொடியில் புகையாய்ப் போயின. அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, வீடு வீடாகக் கேட்டு எல்லா முகத்தையும் மறுபடி சேர்த்த பிறகு, கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற ஜெபராஜுக்குப் போன் போட்டாள். அவன் பங்குனி மாசம் ஒரு காலையில் அந்தக் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து, ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து, ஒயரைச் சொருகினான். பெட்டியின் நெற்றியில் இரண்டு பச்சை விளக்குகள் கண் சிமிட்டின.

“அக்கா, இது நெட்வொர்க் ஸ்டோரேஜ். உள்ளே ரெண்டு டிஸ்க். ஒண்ணுல எழுதுறதை அப்படியே இன்னொண்ணுலயும் எழுதிக்கிடும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு நிக்கும்.”

“அப்போ இனிமே கவலை இல்லைன்னு சொல்லுங்க தம்பி.”

“அப்படிச் சொல்ல மாட்டேன். ரெண்டு டிஸ்க்கும் ஒரே வீட்டுலதான இருக்கு? இடி விழுந்தா ரெண்டு மேலயும் சேர்த்துத்தான் விழும். இதே மாதிரி இன்னொரு பெட்டியை வேற ஊர்ல, நம்பிக்கையான வீட்டுல வச்சுருங்க. இங்க சேர்றது தினமும் நெட் வழியா அங்கயும் போய்ச் சேர்ந்துக்கிடும்.”

“வேற ஊர்ல யாரு வீட்டுல வைக்க? குடுத்த தோசைக்கல்லைத் திரும்பி வாங்கவே எனக்கு ஆறு மாசம் ஆகுது. பார்த்துக்கிடலாம்.”

பார்த்துக்கிடலாம் என்று அவள் சொன்ன அன்றைக்குத்தான் காளியம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டுகிற அன்று ஊருக்குள் இருந்தவர் யாரானாலும், எட்டாம் நாள் காப்பை அவிழ்க்கிற வரைக்கும் வெளியூரில் தங்கக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. பூசாரி ஆண்டியப்பன் கொடுத்த மஞ்சள் கயிற்றில் செண்பகவல்லி கையில் முக்கால் முழம் மீதி இருந்தது. புதுசாக ஒரு பொருள் வீட்டுக்கு வந்தால் அந்தப் பக்கத்தில் சும்மா வைக்கிற வழக்கம் கிடையாது. மிக்ஸிக்குச் சந்தனம் வைப்பார்கள், மோட்டாருக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள், ஊர் முகத்தையெல்லாம் காவல் காக்கப்போகிற பெட்டிக்கு ஒரு கயிறாவது கட்டாமல் எப்படி? சேர்த்த முகங்களையெல்லாம் அதற்குள் ஏற்றி, ஒரு துண்டு மஞ்சளை வைத்து, மூன்று முடிச்சுப் போட்டு, பெட்டிக்கும் ஒரு காப்பைக் கட்டிவிட்டு அவள் பொங்கல் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

எட்டாம் நாள் எல்லார் கையிலும் காப்பை அவிழ்த்தார்கள். பெட்டிக்குக் கட்டினதை யாரும் அவிழ்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை ஏழே கால் பஸ் முப்பத்திரண்டு பேரோடு கிளம்பி, ஓடைப்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எல்லைக்கல்லைத் தாண்டியது. பஸ் தாண்டியது, டிரைவர் தாண்டினார், கண்டக்டர் தாண்டினார், பைகளும் கூடைகளும் தாண்டின. முப்பத்திரண்டு பேரும் மட்டும் இருந்த இருப்பில் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டு, பழுத்த இலை இறங்குகிற மாதிரி மெதுவாக ரோட்டில் இறங்கினார்கள். ஒருத்தருக்கும் சிராய்ப்புகூட இல்லை. உட்கார்ந்த நிலையில் இறங்கினவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள், நின்றபடி இறங்கினவர்கள் கம்பியைப் பிடித்த கையைக்கூட இறக்கவில்லை. கண்டக்டர் திரும்பிப் பார்த்து, “இறங்கணும்னா விசில் அடிக்கச் சொல்ல மாட்டீங்களா?” என்று சத்தம் போட்டார்.

நடந்து பார்த்தார்கள், பைக்கில் பார்த்தார்கள், ஓடைக்குள் குனிந்து பார்த்தார்கள். வண்டி போகும், ஆடு போகும், ஆள் மட்டும் போக மாட்டான். வெளியே இருந்து உள்ளே வருவதற்குத் தடையில்லை. ஆனால் பேனரில் முகம் இருக்கிற யார் வந்தாலும் திரும்ப முடியாது. கயத்தாற்றிலிருந்து ஒரு நேரச் சாப்பாட்டுக்கு வந்த சம்பந்தி ஒருத்தர் மூன்று மாசம் மாற்று வேட்டி இல்லாமல் இருந்தார். நெஞ்சு வலிக்கிறது என்று ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஆம்புலன்ஸ் போய்விட்டது, அவர் போர்வையோடு ரோட்டில் கிடந்தார். நல்ல வேளை, அது வாயுத் தொந்தரவாகப் போயிற்று.

பூசாரி ஆண்டியப்பன்தான் செண்பகவல்லி வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “அடிப் பாவி மகளே, ஊரையே வச்சு முடிஞ்சுபுட்டியே!” என்று சொல்லி, சாமியைக் கும்பிட்டுவிட்டு ஒரு முடிச்சைத் தளர்த்தினார். தளர்த்தின உடனே கம்ப்யூட்டரில் முதல் ஃபோல்டர் காலியாகிவிட்டது. அது அய்யம்பெருமாள் வீட்டு ஃபோல்டர். வாசலில் வெற்றிலை மென்றுகொண்டு நின்ற அய்யம்பெருமாள், பக்கத்தில் நின்ற தன் பெண்டாட்டியைப் பார்த்து, “அம்மா, நீங்க யாரு?” என்று மரியாதையாகக் கேட்டார். அவள் போட்ட கூச்சலில் பூசாரி முடிச்சை முன்னைவிட இறுக்கிக் கட்டினார். அய்யம்பெருமாளுக்கு ஞாபகம் திரும்பிவிட்டது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ மட்டும் அதற்குப் பிறகு வரவே இல்லை.

அதோடு யாரும் கயிற்றைத் தொடவில்லை. தொடாமல் வாழப் பழகினார்கள். பஸ்ஸுக்கு எல்லைக்கல் கடைசி நிறுத்தமாயிற்று, அங்கே டீக்கடை வந்தது, டீக்கடைக்குப் பக்கத்தில் காய்கறி வண்டி வந்தது, ஊர்ப் பருத்தியை இந்தப் பக்கத்தில் நின்று நீட்ட அந்தப் பக்கத்து வியாபாரி இழுத்துக்கொண்டார், பெண் பார்க்க வந்தவர்கள் நாற்காலி போட்டுக் கல்லுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பஜ்ஜி தின்றார்கள். மின்வாரிய லைன்மேன் வந்தால் மோர் கொடுத்து, “பெட்டி வீட்டுக்கு மட்டும் கரண்ட் நிக்காமப் பார்த்துக்கோங்க” என்று கெஞ்சினார்கள். சில பொம்பளைகளுக்கு இது வரமாகவே இருந்தது. அடுத்த ஊர் மதுக்கடை எல்லைக்கு அந்தப் பக்கம்தானே? “மூணு மாசமா மனுஷன் பொழுது சாஞ்சதும் வீட்டுல கிடக்காரு. அவசரப்பட்டு எதையும் அவுத்துப்புடாத தாயி” என்று செண்பகவல்லியிடம் வந்து முருங்கைக்காய் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு.

மார்கழியில் சீனிராஜ் லீவில் வந்து போயிருந்தான், செண்பகவல்லிக்கு அப்போது ஏழாம் மாசம். தலைப்பிரசவம், தாய்வீட்டுக்குப் போக வேண்டும். கழுகுமலைப் பக்கத்திலிருந்து அவள் அம்மா ஐந்து வகைச் சோறும் வளையலும் கட்டிக்கொண்டு வந்து கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றாள். உள்ளே வந்தால் படுக்கையில் கிடக்கிற அப்பாவை யார் பார்ப்பது? செண்பகவல்லி இந்தப் பக்கம் வந்து, போக முடியாது என்று தெரிந்தும் ஒரு எட்டு எடுத்து வைத்தாள். அப்போது நடந்ததை ஊரே பார்த்தது. அவள் வயிறு போயிற்று. அவள் நெஞ்சும் முதுகும் இந்தப் பக்கம் சுவரில் சாய்ந்த மாதிரி நின்றுவிட, வயிறு மட்டும் எல்லையைத் தாண்டி அந்தப் பக்கத்து வெயிலில் நின்றது. உள்ளே இருக்கிற பிள்ளையின் முகம் எந்தப் பேனரிலும் இல்லையே, அதை யார் தடுப்பது? அம்மா அழுதுகொண்டே அந்த வயிற்றில் சந்தனம் பூசினாள், வளையல்களை ஒவ்வொன்றாக உருட்டிவிட்டாள், செண்பகவல்லி இந்தப் பக்கத்தில் பொறுக்கிப் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்குச் சீனிராஜ் போனில், “ஸ்கேன் படத்தைப் பெட்டியில் போட்டு வை, நான் இங்க இருந்து பார்த்துக்கிடுதேன்” என்றான். “போட மாட்டேன். உங்க பிள்ளை ஒண்ணுதான் இந்த ஊர்ல வெளிய போற ஆளு” என்றாள்.

ஆவணியில் நர்ஸ் பிரிசில்லா வந்தாள். இரண்டு மாசத்துக்கு முன்னால்தான் மாறுதலில் வந்தவள், அதனால் அவளுக்குத் தடை இல்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தவள் முகம் சுருங்கியது.

“பிள்ளை குறுக்க கிடக்கு செண்பகம். இது இங்க நடக்காது. பெரியாஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். புரட்டாசி பிறக்கிறதுக்குள்ள நீ கோவில்பட்டி போய்ச் சேரணும்.”

“டாக்டரை இங்க கூட்டிட்டு வந்தா?”

“டாக்டர் வருவாரு. ஆபரேஷன் தியேட்டர் வருமா?”

இருபத்தொரு நாள் இருந்தது. செண்பகவல்லி அன்றைக்குத்தான் சிரிக்காமல் சாப்பிட்டாள்.

மாட்டுத் தரகர் வேலுச்சாமி என்று ஒருவர். ஊரில் அவர் ஒருவர்தான் எல்லையைத் தாண்டக்கூடியவர், அதுவும் கயத்தாற்றில் இருக்கிற மாமியார் வீட்டுக்கு மட்டும். பெட்டியில் இருக்கிற அவருடைய கல்யாணப் படமெல்லாம் காப்பியாக ஒரு பென் டிரைவில் மாமனார் பீரோவுக்குள் கிடந்தது. எங்கே ஒருவருடைய காப்பி இருக்கிறதோ அங்கே அவர் போகலாம் என்பது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. பாவம், பதினோரு வருஷமாக எந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாரோ, உலகத்தில் அந்த ஒரு வாசல்தான் அவருக்குத் திறந்திருந்தது. அதிலும் ஒரு கோளாறு. எல்லையைத் தாண்டியதும் அவர் கல்யாணத்தன்று இருந்த ஆளாக ஆகிவிடுவார். தொப்பை போய்விடும், தலை நிறைய முடி வந்துவிடும், பதினோரு வருஷத்துச் சண்டை ஒன்றுகூட ஞாபகம் இருக்காது, மாமியார் முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பார். திரும்பி வந்ததும் தொப்பையைத் தடவிப் பார்த்து, “அங்க போய் என்ன பேசினேன்?” என்று பயந்துபோய்க் கேட்பார். மாமியாருக்கு இந்த மருமகனைத்தான் பிடித்திருந்தது.

செண்பகவல்லி ஜெபராஜை வரவழைத்துக் கேட்டாள். “என்னோட கல்யாணப் படத்தை ஒரு பென் டிரைவ்ல போட்டுக் கோவில்பட்டியில வச்சா நான் போயிரலாமா?”

“கல்யாணப் பொண்ணாப் போவீங்க அக்கா. நாலு வருஷத்துக்கு முந்துன ஆளா. வயித்துல இருக்கிறது?”

அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுக்குத்தான் அன்னைக்கே ரெண்டாவது பெட்டி வாங்கச் சொன்னேன். பென் டிரைவ் நேத்தோட நின்னுரும். பெட்டி இன்னைக்கு வரைக்கும் கூடவே வரும். இப்போ நெட் வழியா முழுசா அனுப்ப ஆரம்பிச்சா நாப்பது நாள் ஆகும், நமக்கு நேரம் இல்லை. அதனால முதல் காப்பியை இங்கயே ஒயர் போட்டு ரெண்டு நாள்ல எடுத்துருவோம், நான் தூக்கிட்டுப் போறேன், நான்தான் எந்தப் பேனர்லயும் இல்லையே. அதுக்குப் பிறகு அன்னன்னைக்குச் சேர்றது மட்டும் நெட்ல போகும். எங்க வைக்கிறதுன்னு சொல்லுங்க. கரண்ட் நிக்காத இடமா இருக்கணும், நல்ல நெட் லைன் இருக்கணும், விளக்கு எரியுதான்னு தினம் பார்க்க ஒரு ஆள் இருக்கணும். என் கடையைச் சொல்லாதீங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை ஷட்டரை உடைக்கிறானுங்க.”

எங்கே வைப்பது என்று கோயில் முன்னால் ஊர் கூடியது. பருத்திக்காரர்கள் விருதுநகர் என்றார்கள், கோர்ட்டில் வாய்தா இருக்கிறவர்கள் மதுரை என்றார்கள், அடுத்த ஊரிலேயே வைக்கலாம் என்று சில ஆம்பளைகள் சொன்னபோது பொம்பளைகள் பக்கத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்தது. ஊரில் பெரிய தலை சங்கரபாண்டி. சீனிராஜுக்குப் பெரியப்பா, செண்பகவல்லிக்குப் பெரிய மாமா. அவர் செருமிக்கொண்டு, “கோவில்பட்டியில வைக்கிறதுல தப்பில்லை. ஆனா அங்க யாரு இருக்கா?” என்றார். கோவில்பட்டியில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஏற்கெனவே போன் போட்டாயிற்று. ஊர் உயிரை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைக்காதீர்கள், ஒரு பூனை ஒயரை இழுத்தால் யார் பதில் சொல்வது என்று எல்லாரும் கும்பிடு போட்டுவிட்டார்கள்.

“ஒரு ஆள் இருக்கு” என்றாள் செண்பகவல்லி. “பெரியாஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல செராக்ஸ் கடை. இன்வெர்ட்டர் இருக்கு. நாள் பூரா நெட் ஓடுது. கடைக்குப் பின்னாலயே வீடு.”

எல்லாருக்கும் தெரியும். மாரிக்கனி, சீனிராஜுடைய அக்கா. செண்பகவல்லி கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முந்தி அவள் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். தாலி அறுத்தவள் முகம் கல்யாண பேனரில் வேண்டாம் என்று இதே சங்கரபாண்டி மாமாதான் சொன்னார், தன் கல்யாண பேனரைத் தானே டிசைன் செய்துகொண்டிருந்த செண்பகவல்லி, புதுப் பொண்ணு எதிர்த்துப் பேசக் கூடாது என்று, தன் கையாலேயே அந்த முகத்தை எடுத்தாள். கல்யாணத்துக்கு வந்த மாரிக்கனி பேனர் முன்னால் கொஞ்ச நேரம் நின்று, நூற்றுப் பன்னிரண்டு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பிப் போனவள்தான்.

“அது சரிப்படாது” என்றார் சங்கரபாண்டி. “கல்யாணம், காதுகுத்து, சடங்குன்னு ஊர் மங்களமெல்லாம் அதுக்குள்ள இருக்கு. அதைக் கொண்டுபோய் அவ வீட்டுல வைக்கணுமா?”

செண்பகவல்லி ஒன்பது மாச வயிற்றோடு எழுந்து நிற்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. “மாமா, பெட்டி என்னது. வயிறும் என்னது. மங்களமா இங்கயே செத்துப் போகட்டுமா, சொல்லுங்க. அன்னைக்கு நீங்க சொன்னதைக் கேட்டேன். இன்னைக்கு நான் சொல்லுறதைக் கேளுங்க.”

அவர் கேட்டாரோ இல்லையோ, வேறு வீடு ஒன்றைச் சொல்ல அவரால் முடியவில்லை.

மாரிக்கனிக்குப் போன் போட்டால் எடுக்க மாட்டாள் என்று ஜெபராஜையே அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு ஆட்டோ எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. மாரிக்கனி இறங்கினாள். ஊர் முழுக்கக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றது. அவள் கல்லைத் தாண்டி உள்ளே வந்தாள், எதையோ மறந்த மாதிரி திரும்பி வெளியே போனாள், மறுபடி உள்ளே வந்தாள். முகம் பேனரில் இருக்கிற ஒருத்தராலும் முடியாத காரியம் அது. வாயைப் பிளந்து பார்த்தார்கள். “என்ன, தெருக்கூத்தா நடக்குது? வழி விடுங்க” என்றாள்.

வீட்டுக்குள் வந்தவள் பெட்டியைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், கடைசியாகத்தான் செண்பகவல்லியைப் பார்த்தாள்.

“வாங்க மதினி. தண்ணி குடிங்க.”

“தண்ணி குடிக்க வரலை. உங்க ஊர்க்காரன் முகத்தையெல்லாம் என் வீட்டுல வச்சுக் காப்பாத்தணும், அப்படித்தானே? என் ஒரு முகத்துக்கு அவ்வளவு பெரிய பேனர்ல இடம் இல்லாமப் போச்சு, என்ன?”

“ஆமா மதினி.”

“ஆமாவா? வேற யாராவதா இருந்தா மழுப்புவா.”

“மழுப்ப எனக்கு நேரம் இல்லை மதினி. புரட்டாசி பிறக்க எட்டு நாள்தான் இருக்கு.”

மாரிக்கனி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். வெளியே வாசலில் நின்ற சங்கரபாண்டிக்குக் கேட்கிற மாதிரி, “விளக்கு அணைஞ்சா என்ன செய்யணும், ஜெபராஜு?” என்று சத்தமாகக் கேட்டாள். “எனக்குப் போன் போடணும்க்கா.” “சரி, தூக்கு. என் தம்பி பிள்ளைக்காக. வேற எவனுக்காகவும் இல்லை.”

காப்பி எடுத்துத் தயாராக வைத்திருந்த இரண்டாவது பெட்டியை ஜெபராஜ் தூக்க, அவள் முன்னால் நடக்க, ஊர் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. ஆறு மாசமாக வெளியே போகாத அத்தனை முகமும் அவள் மடியில் ஆட்டோவில் உட்கார்ந்து போனது.

மறுநாள் காலை செராக்ஸ் கடையில் பச்சை விளக்கு எரிகிறது என்று தகவல் வந்ததும், செண்பகவல்லி அன்றைக்கு இருக்கிற ஆளாகவே போய் இறங்க வேண்டும் என்று, சுவரோரம் நின்று தன்னைத் தானே ஒரு போட்டோ எடுத்து, பெட்டியில் போட்டு, அது போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு மட்டும் ஊருக்குள் வந்து நின்ற ஏழே கால் பஸ்ஸில் ஏறினாள். எல்லைக்கல் வந்தபோது டிரைவர் வண்டியை நடக்கிற வேகத்துக்குக் குறைத்தார். வயிறு போயிற்று. அவளும் போனாள். பின்னால் இருந்து யாரோ குலவை போட்டார்கள்.

அதிலிருந்து ஆவாரங்குளத்துக்காரர்களுக்கு உலகத்தில் இரண்டு இடம் ஆயிற்று. காலையில் செண்பகவல்லி வீட்டு வாசலில் வரிசையில் நின்று, செண்பகவல்லி இல்லாதபோது கேமராவைப் பார்த்துக்கொண்ட வேலுச்சாமியின் பெண்டாட்டி கையால் அன்றைய முகத்தை எடுத்துக்கொண்டு, கோவில்பட்டிக்குப் போய் இறங்கி, மாரிக்கனி கடை முன்னால் கூடினார்கள். அதைத் தாண்டி சாத்தூர் ரோட்டிலோ கழுகுமலை ரோட்டிலோ போக முடியாது; ஊர்க்கோடியில் மறுபடி பஸ் போகும், ஆள் நிற்பான். ஆனாலும் ஒரு ஊர் இரண்டு ஊராயிற்றே என்று அவர்களுக்குச் சந்தோஷம்தான். வெறுமனே நிற்க வெட்கப்பட்டு, தேவையே இல்லாமல் ரேஷன் கார்டை ஐந்து ஐந்து காப்பி எடுத்தார்கள். விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். சங்கரபாண்டி மாமாவும் ஒரு நாள் வந்து, கடைப் படியில் நின்று, “நல்லா இருக்கியாம்மா?” என்று கேட்டார். “விளக்கு நல்லா இருக்கு” என்றாள் அவள்.

பெண் பிள்ளை. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். மூன்றாம் நாள், பகல் பதினொரு மணி இருக்கும், படுக்கையில் கிடந்த அப்பாவையும் வேனில் கூட்டிக்கொண்டு வந்திருந்த அம்மா வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தாள். மாரிக்கனி ரசஞ்சாதத்தைப் பிசைந்து கொடுத்துவிட்டு, கையைக் கழுவி, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“பேனர் எப்ப வைக்கப்போற?” என்றாள்.

“என்ன பேனர் மதினி?”

“உங்க ஊர்ல கன்னுக்குட்டி பிறந்தாலே பேனர் வைப்பீங்களே.”

செண்பகவல்லி சிரிக்கப் போய், தையல் இழுத்து, முகத்தைச் சுளித்தாள். “முப்பதாம் நாள் பேர் வைக்கும்போது வைக்கணும். இப்பவே ஆளாளுக்கு இடம் கேக்காங்க.”

மாரிக்கனி பிள்ளையின் நகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “உன் கல்யாணத்துக்கு நான் ஒரு போட்டோ அனுப்புனேன். பச்சைப் பட்டுல. அது இருக்கா?”

“இல்லை மதினி. அழிச்சுட்டேன். என் கையாலதான் அழிச்சேன்.”

“எங்கயும் ஒரு காப்பி இல்லையா?”

“எங்கயும் இல்லை.”

“எங்கிட்டயும் இல்லை. அந்தப் போன் போச்சு.” பிள்ளையின் துணியை இழுத்துவிட்டு, “அவர் எடுத்தது அது” என்றாள்.

வார்டில் எங்கேயோ ஒரு பிள்ளை அழுதது. செண்பகவல்லி அவள் கையைப் பிடிக்கப் போய், பிடிக்கலாமா என்று தெரியாமல், போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டாள். “புதுசா எடுத்துப் போடுதேன் மதினி. முதல் வரிசையில் போடுதேன். ஆனா யோசிச்சுக்கோங்க. போட்டா நீங்களும் மாட்டிக்கிடுவீங்க. இந்த ஊரும் அந்த ஊரும்தான், வேற எங்கயும் போக முடியாது. எங்க எல்லாரையும் விட நீங்க ஒருத்தர்தான் இஷ்டம்போல போற ஆளு.”

“அஞ்சு வருஷமா எல்லா ரோடும் எனக்குத் திறந்துதான் கிடந்துச்சு. எந்த வீட்டுக்குப் போனேன், நீயே சொல்லு.”

செண்பகவல்லி தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த போனை எடுத்துக் கேமராவைத் திறந்தாள். திறந்ததும் மாரிக்கனி சட்டென்று சேலைத் தலைப்பை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள். பிறகு தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இவளை அதுல போடாத, செண்பகம். இவ போற இடமெல்லாம் போகட்டும். என்னைப் போடு.”